பதினேழு வீடும் ஒரு வீடும்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினெட்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. தீ விபத்து ஒத்திகைக்குக்கூட அப்படித் திறந்ததில்லை. ஒத்திகைக்கு நாலு பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேர் தீயணைப்புத் துறையினர்.

கதவுகள் திறந்த காரணத்தைச் சொல்வதற்கு முன் தும்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தும்பி என்பது ஒரு ஃபோன். உள்ளே ஓடுகிற சிஸ்டம் மொத்தமும் புதியது. உலகத்தில் எல்லோர் கையிலும் இருக்கும் இரண்டு வகைகளில் எதிலும் சேராத மூன்றாவது வகை. என் அக்காவின் கம்பெனி மூன்று வருடமாக அதைச் செய்துகொண்டிருக்கிறது. அதில் கீபோர்டு மட்டும் அக்காவும் இன்னும் ஐந்து பேரும் செய்தது. அவசரத்தில் பக்கத்து எழுத்தில் விரல் பட்டாலும் நாம் நினைத்த சொல்தான் திரையில் விழும். மூன்று வருடமாக வீட்டில் அக்கா பேசிய ஒரே விஷயம் அதுதான். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனவள், மருந்துச் சீட்டை அங்கேயே மறந்துவிட்டு, அவருடைய கட்டைவிரலின் அகலத்தைக் குறித்துக்கொண்டு வந்தாள்.

குறை சொல்ல முடியாத ஃபோன். பேட்டரி மூன்று நாள் நிற்கும். கீழே போட்டால் தரைக்குத்தான் வலிக்கும். ஆனாலும் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் எல்லோரும், “இதுல அந்த ஆப் வருமா?” என்று கேட்டுவிட்டுப் பூப்போலத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்த ஆப் எது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆப் செய்கிறவர்களைக் கேட்டால், “முதல்ல ஆளுங்க வரட்டும்” என்கிறார்கள். ஆளுங்களைக் கேட்டால், “முதல்ல ஆப் வரட்டும்.” பஸ் வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டு, “நீங்க ஏறுங்க”, “சேச்சே, நீங்க ஏறுங்க” என்று மரியாதை காட்டிக்கொண்டே இருந்தால் பஸ் என்ன செய்யும்? போய்விடும்.

பஸ் போவதற்கு முன்னால் கம்பெனி ஒரு கடைசிச் சோதனை வைத்தது. அக்காவின் டைரக்டர், நாங்கள் வீட்டில் ஸ்லைடு சார் என்று சொல்வோம், பேசும்போதே காற்றில் அம்புக்குறி போடுகிறவர், ஒரே ஒரு கட்டடத்தைப் பிடிக்கச் சொன்னார். வீட்டுக்கு ஒரு தும்பி. சிம் கார்டு அதில்தான் இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பன்னிரண்டு வீடாவது அதையே முழு ஃபோனாகப் பயன்படுத்தியிருந்தால் அக்காவின் குழுவுக்கு இன்னொரு வருடம். இல்லையென்றால் குழு கலைந்துவிடும். அக்கா லிஃப்ட் மென்பொருள் பிரிவுக்குப் போவாள். லிஃப்ட்டிலும் கீபோர்டு உண்டு. ஏழு பொத்தான்.

அக்கா எங்கள் கட்டடத்தையே பிடித்தாள்.

வாரம் முழுக்க எங்கே பார்த்தாலும் ஒரே பாராட்டு. படியில் எதிரே வந்த பல் டாக்டர், “சூப்பர் ஃபோன்மா” என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், “புரட்சி!” என்றார். எங்கள் அம்மா பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்தாள். வெள்ளிக்கிழமை வந்த கணக்கில் பதினெட்டுக்குப் பதினெட்டு வீடு, நாளுக்குச் சராசரி பத்தொன்பது மணி நேரம் பயன்பாடு. ஸ்லைடு சார் ஞாயிறு காலை கேக்கோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

“பத்தொம்பது மணி நேரமாடா? மனுஷங்க தூங்க வேணாமா?”

“சந்தோஷத்துல தூக்கம் வரலையோ என்னவோ.”

“வாயை மூடு. ஒரு அப்டேட் அனுப்புறேன். எல்லா ஃபோனும் ரெண்டு நிமிஷம் அணைஞ்சு மறுபடி வரும். என்ன ஆகுதுன்னு பாக்கலாம்.”

அனுப்பினாள். சனிக்கிழமை, மாலை நாலு மணி.

“நெட் போச்சு!” என்று முதல் குரல் இரண்டாவது மாடியிலிருந்து கேட்டது.

“உங்க வீட்லயும் போச்சா?”

“வீடியோ பாதியில நிக்குதே!”

“ஹலோ? ஹலோ? மாப்பிள்ளை, கேக்குதா?”

படிக்கட்டு நிரம்பிவிட்டது. ஒவ்வொருவர் இடது கையிலும் அணைந்துபோன தும்பி. வலது கையில், கட்டைவிரல் இன்னும் திரையில் பதிந்திருக்க, அவரவர் பழைய ஃபோன்.

விஷயம் இதுதான். சிம் தும்பியில் இருக்க வேண்டும் என்றார்கள், போட்டார்கள். வார்த்தை தவறாத மக்கள். போட்டுவிட்டு, தும்பியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதிலிருந்து வருகிற நெட்டில் பழைய ஃபோனை வழக்கம்போல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் பேட்டரி அதற்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

அக்கா படியில் ஒருவர் ஒருவராகப் பார்த்தாள். முதலில் தலை குனிந்தவர் பேங்க்காரர்.

“எங்க பேங்க் ஆப் இதுல இல்லம்மா. நானே அந்த பேங்க்லதான் வேலை பாக்குறேன். கேட்டேன். ஆளுங்க வரட்டும்னு சொல்லிட்டாங்க.”

“என் வகுப்புப் பெற்றோர் குரூப் அங்கதானே இருக்கு?” என்றார் முதல் மாடி டீச்சர். “நான் ஒரு நாள் அதுல இல்லைன்னா, அவங்க என்னைப் பத்தியே பேச ஆரம்பிச்சிடுவாங்க.”

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். “ஃபோன் அருமைம்மா, சந்தேகமே இல்ல. அருமையான பல்செட்டுக் கட்டிக் குடுத்தாலும் சில பேர் அதை டம்ளர்ல போட்டு வெச்சுட்டு, மிச்சம் இருக்கிற ரெண்டு சொந்தப் பல்லுலயே மெல்லுவாங்க. நான் என்ன பண்றது?”

எங்கள் வீட்டு வாசலில் கரண்டியும் பழைய ஃபோனுமாக அம்மா நின்றிருந்தாள்.

“அம்மா, நீயுமா?”

“சிம்மை அதுல போடச் சொன்ன. போட்டேன். பெத்த பொண்ணுக்காக இதுக்கு மேல ஒருத்தி என்னடி செய்வா?”

உள்ளே வந்து அக்கா பதிவுகளைத் திறந்தாள். எந்த எண் எந்த வீடு என்று அவளுக்கே தெரியாதபடி அவளே பூட்டு போட்டிருந்தாள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் கீபோர்டு நாள் முழுக்க ஓடியிருந்தது. மற்றப் பதினேழு வீட்டிலும் சேர்த்து ஏழு நாளில் தட்டப்பட்டவை நூற்று முப்பத்தாறு எழுத்து. நான் புள்ளியியல் படிக்கிறவன். உடனே வகுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு எட்டு எழுத்து. ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு.

“சும்மா இருந்துடு அக்கா,” என்றேன். “பதினெட்டுக்குப் பதினெட்டு. கேக் வேற வருது.”

“என் கீபோர்டுல ஒரு ஆள் ஒரு வரி எழுதலடா.”

“எழுதியிருக்காங்களே. பாஸ்வேர்டு.”

தலையணை என் காதை உரசிக்கொண்டு போனது.

“நாளைக்குக் கேக் வெட்டுவோம். அடுத்த மாசம் இதே கணக்கைக் காட்டி ஊர் பூரா விப்பாங்க. ஊர் பூரா இதையேதான் செய்யும். மூணு வருஷமா என்ன செஞ்சேன்னு யாராவது கேட்டா, வைஃபை டப்பா செஞ்சேன்னு சொல்லவா? லிஃப்ட்டுக்கே போறேன். ஆனா ஏன் ஒத்துவரலைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.”

தும்பிக்குள்ளேயே ஒரு செய்திப் பெட்டி உண்டு. அதில் எங்கள் கட்டடத்துக்கு ஒரு குழு இருந்தது. போன ஞாயிறு அக்கா போட்ட ‘வணக்கம்’ ஒரு வாரமாக அங்கே அநாதையாக நின்றிருந்தது. அதற்குக் கீழே எழுதினாள்:

‘பதினெட்டு வீட்டில் பதினேழு வீடு தும்பியை ஹாட்ஸ்பாட்டாக மட்டுமே வைத்திருந்தது. ஒரு வீடு உண்மையாகவே பயன்படுத்தியது. எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. நாளை டைரக்டரிடம் இதை அப்படியே சொல்லப்போகிறேன். ஏன் பிடிக்கவில்லை என்று மறைக்காமல் எழுதினால் உதவியாக இருக்கும்.’

முதல் பதில் செயலாளரிடமிருந்து வந்தது.

‘அந்த ஒரு வீடு நாங்கதான்.’

அடுத்து டீச்சர்: ‘மன்னிக்கணும். அந்த வீடு எங்களோடது.’

அடுத்து பேங்க்காரர்: ‘சொல்லிக்க வேணாம்னு பாத்தேன். நாங்க.’

கால் மணி நேரத்தில் பதினாலு வீடுகள் அந்த ஒரு வீடாக இருந்தன. பல் டாக்டர்தான் முதலில் பிடுங்க ஆரம்பித்தார்.

‘செயலாளர் சார், நாலு மணிக்குப் படிக்கட்டுல உங்க வலது கையில இருந்தது என்ன? டிவி ரிமோட்டா?’

‘பழைய ஃபோன்தான். அதுக்கு விடை குடுத்துக்கிட்டிருந்தேன்.’

‘ஏழு நாளாவா?’

‘நெட் போச்சுன்னு முதல்ல கத்துன குரல் ரெண்டாவது மாடி. எனக்கு நல்லாத் தெரியும்’ என்று டீச்சர் எழுத, ரெண்டாவது மாடி பேங்க்காரர் பொங்கிவிட்டார்: ‘இது உங்க வகுப்பு இல்லம்மா, குரலை வெச்சு வருகைப் பதிவு எடுக்குறதுக்கு!’

சுவருக்கு அந்தப் பக்கமும் தரைக்குக் கீழேயும் தும்பிகள் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தன. கட்டடமே ஒரு மிக்ஸி போல அதிர்ந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் தட்ட ஆரம்பித்தாள். போன வருடம் பால்கனியில் காணாமல் போன துணிக் கிளிப்புகள் வரைக்கும் விவகாரம் போய்விட்டது.

நடுவில் பல் டாக்டர் இப்படி ஒரு வரி போட்டார்: ‘இவ்ளோ கோபத்துல தட்டுறேன், ஒரு தப்புகூட விழல. என்ன கீபோர்டு இது!’

அக்கா அதை மூன்று முறை சத்தமாக வாசித்தாள். நாலாவது முறை என்னை வாசிக்கச் சொன்னாள்.

ஏழு மணி வாக்கில், அதுவரை வாயே திறக்காத மூன்றாவது மாடி டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார். ‘எல்லாரும் அமைதியா இருங்க. அந்த வீடு நான். சத்தம் கேட்டுத்தான் நாலு மணிக்குக் கதவைத் திறந்தேன். போன சனிக்கிழமை பேண்ட்டோட சேத்து என் பழைய ஃபோனைத் துவைச்சுட்டேன். எனக்கு வேற வழி இல்ல.’

அமைதியாவதாவது! ‘துவைச்சவன் எல்லாம் விசுவாசியா?’ என்று அதற்கும் ஒரு கோஷ்டி கிளம்பியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்லைடு சார் இரண்டு கையிலும் கேக் பெட்டியை ஏந்தியபடி வந்து நின்றார். அக்கா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“சார், பதினெட்டு இல்ல. ஒண்ணு. அதுவும் வாஷிங் மெஷின் புண்ணியத்துல. மத்தவங்க எல்லாரும் ஹாட்ஸ்பாட்டா வெச்சிருந்தாங்க.”

கேக் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். கேக் என்ன பாவம் செய்தது?

“ஒண்ணா?” என்றார். விரல் உயர்ந்தது, ஆனால் அம்புக்குறி எந்தப் பக்கமும் போகவில்லை. “அப்ப குழு கலையுதும்மா. நான் ஒண்ணும் செய்ய முடியாது.” தன் லேப்டாப்பைத் திறந்தவர் நின்றுவிட்டார். “நேத்து அஞ்சு மணியில இருந்து அறுபத்தோராயிரம் எழுத்து விழுந்திருக்கே. இது என்ன?”

“சண்டை சார்.”

குழுவைக் காட்டினாள். அவர் வாசித்தார். நின்றபடி வாசித்தார், பிறகு உட்கார்ந்து வாசித்தார். டிவி ரிமோட் வந்த இடத்தில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

“ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கெல்லாம் பழைய ஃபோன்ல ஏற்கெனவே ஒரு குழு இருக்குமே. ஏன் சண்டையை அங்க கொண்டு போகல?”

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அங்க எப்படித் தம்பி? அங்க ஒரு வரி போட்டா, யாராவது தட்டி விட்டுடுவாங்க, ரெண்டாவது நிமிஷம் என் நாத்தனாருக்குப் போயிடும். இங்கதான் யாருமே இல்லையே. நிம்மதியாத் திட்டலாம்.”

மூன்று வருடமாக ‘இங்கே யாருமே இல்லை’ என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சிவப்புக் கட்டத்துக்குள் போட்டுக் காட்டியவர் ஸ்லைடு சார். இப்போது அந்தச் சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் சுவரைப் பார்த்தார்.

“ஒரு வருஷம் தர முடியாது,” என்றார் கடைசியில். “விதின்னா விதி. ஆனா மூணு மாசம் கேட்டு வாங்குறேன். இவங்க ஒரு மாசம் கழிச்சும் இதுல இருக்காங்களான்னு நீ காட்டணும்.”

அக்கா எழுந்து குதித்தாள். முப்பது வயதுப் பெண், சோபாவின் மேல் ஏறிக் குதித்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள், கேக்கோடு சேர்த்து.

அப்போது ஒரே ஒரு டிங் கேட்டது. செயலாளர்.

‘நேத்து எல்லாரும் கொஞ்சம் ஓவராப் பேசிட்டோம். அக்கம்பக்கம் இருக்கிறவங்க. இதோட விட்டுட்டு சமாதானமாப் போயிடுவோம்.’

அதற்கு டீச்சர் ஒரு பூ படம் போட்டார். பல் டாக்டர் கைகூப்பினார்.

அக்காவின் முகம் வெளுத்தது. சோபாவிலிருந்து பாய்ந்து அம்மாவின் கையிலிருந்த தும்பியைப் பிடுங்கினாள். வாழ்நாளில் யாரோடும் சண்டை போட்டிராதவள், தான் செய்த கீபோர்டில் தட்டினாள்:

‘அதெப்படி சார்? நீங்க சமாதானம்னு சொன்னா முடிஞ்சிடுமா? அந்தத் துணிக் கிளிப்புக்கு முதல்ல பதில் சொல்லுங்க!’

ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. அனுப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஸ்லைடு சாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டிங்.