இரண்டாம் நாள் புட்டிகள்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை, ராயபுரத்தில் ஆன்சியின் மின்னஞ்சலுக்கு ஆய்விதழிலிருந்து அவளுடைய கட்டுரையின் அச்சுப்படி வந்து சேர்ந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பிழை திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீரில் உலோகங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதுதான் கட்டுரை. ஒரு கட்டுரையாவது இதழில் வெளிவந்தால்தான் பல்கலைக்கழகம் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை வாங்கிக்கொள்ளும். கெடு செப்டம்பரில் முடிகிறது.

அந்த இதழைச் சந்தா கட்டியவர்களால்தான் படிக்க முடியும். அதனால் மார்ச் மாதமே கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓர் இணையதளத்தில் ஆன்சி ஏற்றியிருந்தாள். அவளுடைய கைடு சுகிர்தத்துக்கு அதில் விருப்பமில்லை. அச்சில் வராததை வெளியே போட்டால் எவனாவது அள்ளிக்கொண்டு போவான் என்றார். நான்கு மாதத்தில் அதை நாற்பத்தொரு பேர் திறந்திருந்தார்கள்.

அச்சுப்படி வந்த சந்தோஷத்தில், எண்ணூர்க் குப்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சுட்டியைப் போட்டாள். ஆய்வுக்குத் தண்ணீர் எடுத்த இரண்டு நாளும் அவளைப் படகில் கூட்டிப்போன பென்னி அந்தக் குழுவில் இருந்தான். திருவொற்றியூரில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். மதியம் கூப்பிட்டான்.

இங்கிலீஷைப் போனிலேயே தமிழாக்கிப் பார்த்தானாம். பாதி புரியவில்லை, வரைபடம் புரிந்தது என்றான். பிறகு சொன்னான்:

"இன்னா ஆன்சி, ரெண்டாம் நாளு ரயில் பாலத்தாண்ட எட்த்த தண்ணிய முகத்துவாரத்துல போட்டு வச்சிக்கீறே?"

அவள் இல்லையென்றாள். இரண்டு நாளும் ஒரே வரிசைதான், முகத்துவாரத்தில் ஒன்றாம் புட்டி, பாலத்தடியில் ஆறாம் புட்டி. குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றாள்.

"நோட்டுல இன்னா வேணா எழுதிக்கோ. அன்னிக்கு முகத்துவாரம் மண்ணு மூடிக்கினு படகு உள்ள போவல. பாலத்தாண்ட மச்சானோட படக வாங்கி அங்கேந்து தான ஆரம்பிச்சோம்? சேத்துல கால் மாட்டிக்கினு நீ கத்துனியே, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தது. அன்று எடுத்த படங்களைப் போனில் தேடினாள். 6.52க்கு எடுத்த முதல் புட்டியின் பின்னால் ரயில் பாலம் நின்றது. ஆறு புட்டிகளும் தலைகீழ் வரிசையில் எண்ணிடப்பட்டிருந்தன.

இரண்டாம் நாள் மட்டும் முகத்துவாரத்தில் ஈயம் ஏன் கூடியது என்பதற்குக் கட்டுரையில் ஒரு நீளமான பத்தி இருந்தது. கடல் ஓதம் அனல்மின் நிலையச் சாம்பலை இழுத்து வருகிறது என்று எழுதியிருந்தாள். இதழின் மதிப்பீட்டாளர்கள் இருவரில் ஒருவர் அந்தப் பத்தியைத்தான் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார். இப்படியே அச்சேறிப் பிறகு வெளியே தெரிந்தால் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெறும். ஆய்வேடும் அதோடு போகும்.

எண்களைத் திருப்பிப் போட்டு மறுபடி கணக்கிட்டாள். மாலை ஐந்தரைக்கு முடிந்தது. இரண்டு நாள் அளவுகளும் இப்போது ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. முகத்துவாரத்தில் ஈயம் குறைவு, பாலத்தடியில் அதிகம், இரண்டு நாளும் அப்படியே. முடிவு முன்னைவிட உறுதியாக நின்றது. போனது அந்தப் பத்தி மட்டும்தான். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

சுகிர்தத்திடம் சொல்லத்தான் பயமாயிருந்தது. நாகர்கோவில்காரர், கோபம் வந்தால் மேடத்தின் குரல் தணிந்துவிடும். போனில் முழுக்கக் கேட்டுவிட்டு, தணிந்த குரலில்தான் கேட்டார்:

"இத யாரு கண்டுபிடிச்சா? ரெண்டு ரிவ்யூவர்ல எவரு?"

"போட் ஓட்டுறவர், மேடம்."

மேடத்தின் குரல் பழையபடி ஏறியது.

"அவரு நம்பரக் குடு. அடுத்த பேப்பர மொதல்ல அவருக்கு அனுப்பிருவோம்."

அன்றிரவே இருவரும் சேர்ந்து இதழின் ஆசிரியருக்கு எழுதினார்கள். திருத்தத்தை ஏற்பதாக 11ஆம் தேதி பதில் வந்தது. இணையதளத்தில் திருத்திய வடிவம் அதே நாளில் ஏறியது. பிழையைக் காட்டியவர் என்று பென்னியின் பெயர் அதில் இருக்கிறது. இதழில் கட்டுரை ஆகஸ்ட் 2 அன்று வெளிவந்தது. செப்டம்பர் 3 அன்று ஆன்சி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள்.