ஒரு சொட்டு அவசரம்

செய்முறைத் தேர்வுக்குப் பத்து வாரம் இருக்கும்போது எங்கள் வேதியியல் ஆய்வகத்தின் கூரை விரிசல் விட்டது. பொறியாளர் வந்து அண்ணாந்து பார்த்தார், தலையை ஆட்டினார், கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். அவர்களில் முக்கால்வாசிப் பேர், திருகு வைத்த அளவுக் குழாயான ப்யூரெட்டைக் கையில் பிடித்ததே இரண்டு முறைதான். வேதியியல் ஆசிரியை நான். அன்று என் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குத் தோன்றிய வழி இணையம். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் டைட்ரேஷன் சோதனைக்கு நல்ல வீடியோக்களாக ஆறு தேடி எடுத்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிள்ளைகளும் பொறுப்பாகப் பார்த்தார்கள். அடுத்த நாள் வகுப்பில், "எந்த நிறம் வந்ததும் நிறுத்தணும்?" என்று கேட்டேன்.

"நல்ல டார்க் பிங்க், மிஸ்!"

எனக்குத் தலை சுற்றியது. நிறுத்த வேண்டியது வெளிர் இளஞ்சிவப்பில். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரியான நிறம் அது. வீடியோவில் இருந்த விளக்கு வெளிச்சத்தில் அது கருஞ்சிவப்பாகத் தெரிந்திருக்கிறது.

வகுப்பு முடிந்து வந்தபோது லேப் அக்கா வாசலில் நின்றிருந்தார். ஆய்வக உதவியாளர் அவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். பத்தொன்பது வருடமாகக் குடுவை கழுவுவதும் கரைசல் தயாரிப்பதும் அவர் வேலை. பிள்ளைகள் லேப் அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வீடியோல இருக்கறது பிளாஸ்டிக் திருகு வச்ச ப்யூரெட். நம்மது கண்ணாடி. அதுல பாத்த மாதிரி இவங்க புடிச்சா திருகு கையோட கழண்டு வந்துடும். அத்தனையும் தரையில ஓடும்."

"அதுக்கு என்னக்கா பண்றது?"

"நம்ம சாமானையே படம் புடிச்சுக் காட்டலாமே."

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரு செட் கருவிகளை விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குக் கொண்டுபோனோம். பந்துகளை ஒதுக்கி, ஜன்னலோரம் ஒரு மேசை போட்டோம். ஃபோனை எதில் நிறுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அக்கா ஆய்வகத்துத் தாங்கியில் அதைக் கவ்வவைத்து, கரைசலின் மட்டத்துக்குச் சரியாக இறக்கிவிட்டார். ப்யூரெட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாள். திரையில் ஒவ்வொரு கோடும் துல்லியமாகத் தெரிந்தது.

"நீங்களே பேசுங்கக்கா."

"ஐயையோ, நானா! என் குரலைக் கேட்டா பிள்ளைங்க சிரிச்சே தேர்வுல கோட்டை விட்டுடுவாங்க. நான் செய்யறேன், நீங்க பேசுங்க."

அப்படியே செய்தோம். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகக் குரல் கொடுத்து, குழுவில் போட்டேன். மறுநாள் காலை அக்கா என் மேசையருகே வந்தார். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், கூம்புக் குடுவையை அமிலத்துல அலசணும்னு சொல்லியிருக்கீங்க. நான் அப்படிச் செய்யலையே. வெறும் தண்ணிலதானே கழுவினேன்?"

போட்டுக் கேட்டேன். அப்படித்தான் சொல்லியிருந்தேன். அமிலத்தில் அலசினால் குடுவையில் கொஞ்சம் அமிலம் ஒட்டிக்கொள்ளும், கணக்கு முழுக்கப் பிசகும். முதுகலைப் பட்டம் வாங்கிப் பதினோரு வருடம் பாடம் நடத்தியவள் நான்! யானைக்கும் அடி சறுக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டாலும் காது சூடாகத்தான் செய்தது. அக்காவோ, தானே தப்புச் செய்துவிட்டதைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோவை அழித்தேன். "இனிமே பேசறதும் நீங்கதான்" என்றேன்.

முதல் முயற்சியில் அவர் "மாணவச் செல்வங்களே, வணக்கம்" என்று ஆரம்பித்து மேடைப் பேச்சாளர் ஆகிவிட்டார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் வேலை சூடுபிடித்ததும் கேமராவை மறந்தார். சொட்டு விழுந்துகொண்டிருந்தது. சட்டென்று குடுவை முழுக்கச் சிவந்தது.

"அடடா, போச்சு! பாத்தீங்களா, ஒரு சொட்டு அவசரப்பட்டேன். ஒரே ஒரு சொட்டு. பரவாயில்ல, அழ வேண்டாம். கொட்டிட்டு மறுபடி ஆரம்பிப்போம். இந்தத் தடவ கடைசில கால் திருகு மட்டும்."

பதிவை நிறுத்தியதும், "இதை அழிச்சிடுங்க டீச்சர், மானம் போகுது" என்றார். நான் மாட்டேன் என்றேன்.

அந்த வீடியோவை ஒரு தளத்தில் ஏற்றி, இணைப்பைக் குழுவில் போட்டேன். அந்தத் தளத்தில், பார்ப்பவர்கள் எந்த நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள் என்று ஒரு வரைபடம் காட்டும். நான் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு நாள் கழித்து அக்காதான் கேட்டார்.

"இந்த எடத்துல என்ன மேடு மாதிரி இருக்கு?"

"அங்கதான் பிள்ளைங்க திரும்பத் திரும்பப் பாக்கறாங்க."

அவர் ஃபோனை வாங்கி அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தார். இடது கையைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து திருகை உள்நோக்கி அழுத்திப் பிடிக்கும் இடம். "என் கை மறைக்குது டீச்சர். அவங்களுக்கு விரல் தெரியல" என்றார். அன்று மதியமே பக்கவாட்டில் ஃபோனை வைத்து, கையை மட்டும் எடுத்து ஒரு நிமிட வீடியோ போட்டார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. தினமும் காலையில் வரைபடத்தைத் திறப்பார். எங்கே மேடு இருக்கிறதோ அங்கே பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தை இன்னும் கிட்டத்தில், இன்னும் மெதுவாக எடுப்பார். காய்ச்சல்காரருக்கு நாடி பார்ப்பதுபோல அவர் நாற்பத்து மூன்று பேரையும் அந்த மேடுபள்ளத்தில் பார்த்தார். வகுப்பில் எத்தனையோ முறை, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது மிஸ்" என்ற பதிலை நம்பிய எனக்கு அது புதிய பாடம்.

பிறகு ஒரு யோசனை சொன்னார். ப்யூரெட்டில் கரைசல் நிற்பதைப் புகைப்படம் எடுத்து, "அளவு என்ன?" என்று தினம் ஒரு கேள்வியாகக் குழுவில் போட்டோம். முதல் நாளே பதினொரு பேர் பதினெட்டு புள்ளி நான்கைப் பத்தொன்பது புள்ளி ஆறு என்று எழுதினார்கள். ப்யூரெட்டில் எண்கள் மேலிருந்து கீழே போகும். இவர்கள் கீழிருந்து மேலே எண்ணியிருக்கிறார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை. "கிணத்துல எறங்கற மாதிரி எண்ணுங்க, மாடி ஏறற மாதிரி எண்ணாதீங்க" என்று அரை நிமிடம் பேசி அனுப்பினார். மூன்றாம் நாள் ஒருவர்கூடத் தவறவில்லை.

தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு கூரைவேலை முடிந்து ஆய்வகம் திறந்தது. ஆளுக்கு ஒருமுறை செய்து பார்க்கத்தான் நேரம் இருந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கறார்ப் பேர்வழி. சிரிப்பை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு வந்தவர் போல மேசை மேசையாக நடந்தார். பத்து நிமிடம் கழித்து நின்றார். பிள்ளைகள் எல்லோரும் இடது கையைச் சுற்றிப் பிடித்திருந்தார்கள். அளவு பார்க்கும்போது முட்டி மடக்கிக் கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். ஒரு பெண்ணின் குடுவை கருஞ்சிவப்பாகிவிட்டது. அவள் பதறாமல் கொட்டினாள், கழுவினாள், மறுபடி தொடங்கினாள்.

தேர்வு முடிந்ததும், "லேப் மூடியிருந்ததுன்னு சொன்னாங்களே? யார் பழக்கினது?" என்று கேட்டார்.

"லேப் அக்கா!" நாற்பத்து மூன்று குரல்.

அக்கா கதவருகே குடுவைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தேர்வாளர் அவரிடம் போய், "அந்த வீடியோ லிங்க்கை எனக்கும் அனுப்புவீங்களா? எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு வேணும்" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பதில் அவர் வாயால்தான் வரவேண்டும். "அனுப்பறேன் சார்" என்றார்.

அந்த வருடம் செய்முறையில் யாரும் தோற்கவில்லை. முப்பத்தாறு பேர் முழு மதிப்பெண்.

அடுத்த கல்வியாண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் லேப் அக்காவை முன்னால் அழைத்தார். எல்லாப் பாடத்துக்கும் இப்படி வீடியோ வேண்டுமாம், அக்கா சொல்லித்தர வேண்டுமாம். பதினேழு ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் நின்றார். முதலில் தொண்டையைச் செருமினார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"மொதல்ல எல்லாரும் அவங்கவங்க ஃபோன் கேமராவைத் துடைங்க. கைரேகையா இருக்கும்."

கணக்கு சார் சட்டையில் துடைத்தார். நானும் கைக்குட்டையை எடுத்தேன்.