எறும்பு கட்டிய பாலம்

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்தாலே அக்கம்பக்கத்துக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டியதில்லை. அந்த இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் ஒரே பாடத்தை நடத்தினால் கேட்கவே வேண்டாம். கீழ்வீட்டில் மூத்தவள், மாடியில் இளையவள். பாலமும் கட்டடமும் பாரத்தை எப்படித் தாங்குகின்றன என்பதுதான் பாடம். இரண்டாம் ஆண்டில் ஒரு பிரிவு மூத்தவளுக்கு, இன்னொரு பிரிவு இளையவளுக்கு.

மூத்தவள் எழுதிய கரும்பலகையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கோடு போட அளவுகோல் தேட மாட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் பலகையின் இடப்பக்கம் கண்ணைக் கூசும் என்பதால், எந்தப் பாலத்தையும் வலது முனையிலிருந்துதான் வரையத் தொடங்குவாள். நாளாக நாளாக அதுவே பழகி, காகிதத்திலும் வலது முனையே முதலில் வந்தது. மாணவர்கள் அவளுக்குச் ‘சாக்பீஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கு எட்டாமல் இல்லை. உள்ளுக்குள் பெருமைதான்.

இளையவள் சாக்பீஸைத் தொட்டதே இல்லை. அவள் ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டு வந்தாள். ஃபோனில் ஒரு ஆறு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குச்சிகளை அடுக்கிப் பாலம் கட்ட வேண்டும். பிறகு ஒரு லாரி ஏறும். இழுபடும் குச்சி நீலமாகும், அமுக்கப்படும் குச்சி சிவப்பாகும், தாங்காத குச்சி உடையும், லாரி ஆற்றில் விழும். குறைந்த குச்சியில் கட்டியவருக்கு முதல் இடம். யார் எப்படிக் கட்டினார்கள் என்பதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

பிள்ளைகள் பைத்தியமானார்கள். கேண்டீனில் லாரி விழுந்தது, பஸ்ஸில் லாரி விழுந்தது. மூத்தவளின் வகுப்பிலும் மேஜைக்கு அடியில் லாரி விழும் சத்தம் கேட்டது. அவளுக்கு வயிறு எரிந்தது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டில் அதைவிட மோசம். ஒருநாள் சாயங்காலம் அவள் கணவர் சோபாவில் சாய்ந்து அதையே விளையாடிக்கொண்டிருந்தார்.

“இங்க பாரேன், இந்தச் சிவப்புக் குச்சி ஏன் உடையுது?”

கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய பாடத்தைப் பற்றி அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி. அதுவும் தம்பி பொண்டாட்டி புண்ணியத்தில்.

“உங்க தலையில விழறதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரமே துறைத் தலைவர் இருவரையும் கூப்பிட்டார். அடுத்த பருவத்திலிருந்து இரண்டு பிரிவுக்கும் ஒரே ஆசிரியர்தான் என்றார்.

“ஸ்கிரீன்ல நிக்கிற பாலத்தை வெச்சு நான் முடிவு பண்ண முடியாதும்மா. முதல் இடத்துல இருக்கிற பாலத்தை லேப்ல மரக்குச்சியில கட்டுங்க, எடை தொங்க விடுங்க. நின்னா பாடம் சின்னவங்களுக்கு. விழுந்தா பழையபடி பெரியவங்களே நடத்தட்டும்.”

மூத்தவள் அன்றே கதவைச் சாத்திக்கொண்டு அந்த விளையாட்டைத் தன் ஃபோனில் இறக்கினாள். ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தப் பெயரிலா நுழைய முடியும்? ‘எறும்பு’ என்று கொடுத்தாள்.

ஓட்டை சீக்கிரமே கிடைத்தது. இழுத்தால் மெல்லிய குச்சியும் தாங்கும். அமுக்கினால் கதை வேறு. நீளமான குச்சி நடுவில் பக்கவாட்டாக வளைந்து ஒடிந்துவிடும். விளையாட்டோ குச்சியின் கனத்தை மட்டும் பார்த்தது, நீளத்தைப் பார்க்கவே இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது மூத்தவளுக்கு. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், லேபில் இளையவளின் மானம் தானாகப் போகும்.

அதோடு ஃபோனை வைத்திருக்கலாம். வைக்க முடிந்தால்தானே? ஒரு குச்சியைக் குறைத்தாள், பாலம் நின்றது. இன்னொன்றைக் குறைத்தாள், அப்போதும் நின்றது. மேலே வரிசையாக இருந்த குட்டைக் குச்சிகளை எடுத்துவிட்டு, நீளமாக ஒரே குச்சியைப் போட்டாள். லாரி ஜம்மென்று போனது. பட்டியலில் எறும்பு முதல் இடம்!

“யாரோ எறும்பாம், என்ன மூளைடி அவனுக்கு!” என்றார் கணவர் காபியை உறிஞ்சிக்கொண்டு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்தப் பாராட்டு ஒரு நாளாவது அவள் பெயருக்குக் கிடைத்திருக்கிறதா?

முதல் இடத்தில் இருக்கும் பாலத்தைத்தான் லேபில் கட்டுவார்கள் என்பது அந்தக் குஷியில் அவளுக்கு மறந்தே போனது. மரக்குச்சியை அறுத்து ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒரு நாள் எட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. மேஜைமேல் அவளுடைய பாலம். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றாள். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டாள். எறும்பு யாரென்று யாருக்குத் தெரியும்? விழட்டும். விழுந்தால் பாடம் எனக்கு.

சோதனை நாளன்று காலையில் லேபில் இரண்டு பிரிவும் நெருக்கியடித்து நின்றன. துறைத் தலைவர் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மேஜைகளுக்கு நடுவே பாலம், பாலத்தின் நடுவில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு தட்டு. இளையவள் இரும்பு எடைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. மூத்தவளுக்கு அது பிடித்திருந்தது.

மேலே இருந்த நீளக் குச்சி லேசாகப் பக்கவாட்டில் நெளிந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. மூத்தவள் கவனித்தாள். அடுத்த எடைக்கு வில்லாக வளைந்தது. இன்னும் ஒன்று வைத்தால் போதும். அவள் இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான்.

ஆனால் கை கேட்கவில்லை. தான் போட்ட பாலம் தன் கண்ணெதிரே உடைவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அந்தக் குச்சியின் நடுவை இரண்டு விரலால் பிடித்து நேராக நிறுத்தினாள்.

இளையவள் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு இன்னொரு எடையை வைத்தாள். பாலம் நின்றது. மறுபடி வைத்தாள். அப்போதும் நின்றது.

“மேடம், கெட்டியா அழுத்திப் பிடிச்சிருக்கீங்களா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“சும்மா தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வேணும்னா நீ வந்து பிடிச்சுப் பாரு” என்றாள் மூத்தவள். குரல் தானாக வகுப்புக் குரலாக மாறியிருந்தது. “நீளமான குச்சியை அமுக்கினா நடுவுல வளையத்தான் பாக்கும். அந்த நடுவை மட்டும் நகரவிடாம பிடிச்சுட்டா நாலு மடங்கு தாங்கும். கேம்ல இது இல்ல. இல்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லல.”

துறைத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“விட்டுடுங்கக்கா” என்றாள் இளையவள் மெதுவாக. “விழட்டும். எல்லாரும் பாக்கட்டும்.”

மூத்தவள் விரலை எடுத்தாள். குச்சி படாரென்று ஒடிந்து எடைகள் தரையில் உருண்டன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. “இன்னொரு தடவை மேடம், இன்னொரு தடவை!”

மூத்தவள் குனிந்து எடைகளைப் பொறுக்கும்போது இளையவளும் பக்கத்தில் குனிந்தாள்.

“எறும்பு நீங்கதான்னு எனக்கு முதல் நாளே தெரியும். எல்லாரும் இடது கரையிலிருந்து கட்டுவாங்க. எறும்பு மட்டும்தான் வலது கரையிலிருந்து.”

“தெரிஞ்சுமா இந்தப் பாலத்தை லேப்ல கட்ட விட்ட?”

“நீங்க போட்டதாச்சே, நிக்கும்னு நம்பினேன்கா.”

மூத்தவள் மேஜைக்கு அடியில் உருண்ட எடைக்குக் கையை நீட்டினாள்.

“விழுந்துடுச்சேம்மா” என்றார் துறைத் தலைவர் இளையவளிடம். “சொன்னபடி பாடம் பெரியவங்களுக்குத்தான். உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. தெரிந்தே மறைத்தார்கள் என்று இளையவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“அக்காவே நடத்தட்டும் சார்” என்றாள் அவள். “இந்த அமுக்குற கணக்கை எப்படி எழுதறதுன்னு அக்காகிட்ட நான் கத்துக்கணும். கேக்க பயந்துக்கிட்டுத்தான் கேம்ல அதை விட்டுட்டேன்.”

பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியுடன் மூத்தவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யார் கையிலும் ஃபோன் இல்லை. இளையவள் ஓரமாக நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டாள். மூத்தவளுக்கு வேண்டியிருந்த பாடம் கிடைத்துவிட்டது. ஆனால் அப்படி நகர்ந்து இடம் விட தனக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, முன்பு எரிந்ததைவிட அதிகமாக வயிறு எரிந்தது.