பின்னாலிருந்து கிழிந்த கதை

தேனி கடைவீதியில் மிளகும் மல்லியும் விற்கிற பொன்னுராஜ், பொட்டலம் மடிக்கப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவார். அந்த வாரக் கட்டில் ஒரு மேல்நாட்டுக் கதை, தமிழில், அட்டையில் குதிரையும் துப்பாக்கியுமாகக் கிடந்தது. எட்டாவது படிக்கிற மகள் சுகிர்தம் அதைத் தொட்டதுமே பிடுங்கிக்கொண்டார். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற மனுஷர் அல்லவா?

"பத்துக் கட்டளையில ஏழு கட்டளைய மீறுறவன் கதை. பிள்ளைக படிக்க ஆகாது."

தையல் விட்டுவிடக் கூடாதென்று கடைசித் தாளிலிருந்து கிழிப்பது அவர் பழக்கம். சுகிர்தம் அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து முன்னாலிருந்து படித்தாள். வேகமாகத்தான் படித்தாள், வியாபாரம் அதைவிட வேகமாக நடந்தது. கடைக்கு ஆள் வந்தாலே இன்னொரு தாள் போச்சு என்று எண்ணிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை. செய்யாத கொலையைத் தம்பிக்காக ஏற்றுக்கொண்டவனைத் தூக்கில் போடுவார்களா, விடுவார்களா? அது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதிப் புத்தகம்தான் மிச்சம். அதை மல்லி மூட்டைக்கு அடியில் ஒளித்துவிட்டு, போன பொட்டலங்களைத் தேடிக் கிளம்பினாள். மிளகு வாங்கிக்கொண்டு போய் மயிலாடும்பாறை பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஜக்கம்மா மட்டும், இந்தப் பிள்ளைக்குக் கிறுக்கா என்று கேட்டபடி மிளகை முந்தானையில் கொட்டிக்கொண்டு தாளைக் கொடுத்தாள். அதில் குதிரைக்குத் தண்ணி காட்டுகிறார்கள், அவ்வளவுதான். சுகிர்தம் அழுதுகொண்டே கடைக்கு வந்தாள்.

பொன்னுராஜ் கசங்கிய தாளைப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தாள். அவரோ சீரகத்தை நிறுத்துக்கொண்டே, "அவனைத் தூக்குல போட்டுட்டாக. அதுதான் முடிவு" என்றார்.

கிழிக்கும்போது அவரும் ஒவ்வொரு தாளாகப் படித்திருக்கிறார், பின்னாலிருந்து.

"அவன் கொல்லவே இல்லப்பா. தம்பி செஞ்சதுக்கு இவன் ஒத்துக்கிட்டான்."

தராசு ஆடி நின்றது. பொன்னுராஜுக்கு முகம் செத்துவிட்டது.

"கொலகாரப் பய, சாகட்டும்னுல்ல படிச்சேன்" என்றார் மெல்ல. பிறகு, "முன்பாதி எங்கன?"

மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சீரகத்துக்குக் காத்திருந்த முருகம்மாள் இரண்டு தரம் கூப்பிட்டாள். அவர் முதல் பக்கத்தில் இருந்தார்.