சந்தேகம் வந்தால் ஒன்று

…இடது கை ஆடவில்லை, இல்லை, ஆடுகிறது, கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது, வெயிலில் கண் கூசுவதால் அப்படித் தெரிகிறது, இரண்டடி பின்தங்கி நடந்தால் யாருடைய கையும் ஆடாததுபோலத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் நடையைத் தளர்த்தினாள். கணவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நேர்ச் சாலை, நடைபாதையில் கூட்டமில்லை, ஒருவர் நடப்பதைப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. கையில் அந்த அறிக்கை, 'இயல்பான நடை' என்று அச்சடித்தது. மெஷினே சரி என்று சொல்லிவிட்டது, ஸ்கேன் எல்லாம் தேவையில்லை, நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். வேலை என்றால் ஏணி… இருபதடி ஏணியில் நின்று, இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் விளக்கு மாட்டுகிற எலக்ட்ரீஷியன் வேலை. போன மாதம் அந்த இடது கை ஒரு விநாடி பிடியை விட்டுவிட்டது, கீழே மணல் மூட்டை கிடந்ததால் ஆள் பிழைத்தார். கையை யாரோ கழற்றிக்கொண்டு போன மாதிரி இருந்தது என்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார், சிரிக்கிற விஷயமா அது?

பரிசோதனை அறையில் அவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டுக் கேமராவில் பிடித்தார்கள், திரையில் அவர் தோளிலும் முட்டியிலும் கணுக்காலிலும் பச்சைப் புள்ளிகள் ஏறின, மூலையில் ஒரு சின்ன நீலப் பாதம்… அது அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் முத்திரை. இரண்டு வருடமாக அவள் தினமும் முழிப்பது அந்தப் பாதத்தில்தானே. அலுவலகத் திரையில் முகம் மறைத்த ஆட்கள் நடப்பார்கள், எட்டு விநாடி, இயல்பு என்றால் ஒன்றை அழுத்து, நோய்க்குறி என்றால் இரண்டை அழுத்து. நடுக்க நோய் எடுத்த எடுப்பில் நடுங்குவதில்லை, முதலில் ஒரு கை ஆடுவதை மறக்கும், அவ்வளவுதான் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்படி அவளும் அவளைப் போன்றவர்களும் லட்சம் தடவை அழுத்தியதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மெஷின் கற்றுக்கொண்டது. அதற்கென்று தனியாகக் கண் ஏது, இருப்பதெல்லாம் இவர்கள் கண்தான்.

இவர்கள் கண் என்ன லட்சணத்தில் இருந்தது என்பது இவர்களுக்குத்தானே தெரியும்… ஒரே வீடியோவை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள், யார் அந்த இன்னொருவர் என்று சொல்லமாட்டார்கள், இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேருக்கும் மதிப்பெண் வெட்டு, மாதத்தில் இருபது வெட்டு விழுந்தால் சீட்டு கிழிந்துவிடும். ஒருநாள் டீ இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரிதான் வழி சொன்னாள். "சந்தேகமா இருந்தா ஒண்ணை அழுத்திடுவோம். எல்லாரும் அப்படியே செஞ்சா யாருக்கும் வெட்டு விழாது." அறையில் வேலை பார்த்த நாற்பது பேரும் தலையாட்டினார்கள், இவளும் ஆட்டினாள், யார் குடியைக் கெடுக்கப்போகிறோம் என்று நினைத்தாள், அடுத்த மாதமே மதிப்பெண் தொண்ணூற்றெட்டு, சூப்பர்வைசர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். அதற்கப்புறம் நடையை யார் பார்த்தார்கள்? எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் எதை அழுத்துவார் என்றுதான் பார்த்தாள், கை பழகிவிட்டது, எட்டு விநாடிகூடத் தேவைப்படவில்லை. அவளை வேகக்காரி என்று பாராட்டினார்கள்.

அப்படி ஒன்று ஒன்று ஒன்று என்று அவள் தள்ளிவிட்ட சந்தேகங்களில் இவர் மாதிரி எத்தனை பேர்… இந்த அறிக்கையை மெஷின் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், பக்கத்து நாற்காலிக்காரியும் நானும் டீ குடித்துக்கொண்டே சொன்னோம். திரும்பிப் போய் டாக்டரிடம் சொன்னால் என்ன? நம்புவாரா? வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளே, வேலை போய்விடுமே, போகட்டும், நாளைக் காலை இவர் ஏணியில் ஏறுவாரே… ஆனால் கால் திரும்பாமல் அவர் பின்னாலேயே போனது. அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

அவர் திரும்பி நின்று அவள் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, நீ இதையேதானே ரெண்டு வருஷமா பாக்கறே. மெஷினை விடு. நீ பாத்துச் சொல்லு." அவள் பதில் சொல்வதற்குள் விளக்குக் கம்பம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். எட்டு விநாடி, எண்ணாமலே அவளுக்குத் தெரிந்தது. வலது கை ஊஞ்சல் மாதிரி ஆடியது, இடது கை சட்டையோடு சட்டையாகக் கிடந்தது, முழங்கையில் சின்ன மடிப்பு… சந்தேகமே இல்லை, இரண்டு, இரண்டுதான். ஆனால் அவர் கிட்டே வந்து நின்றபோது அவர் கண்ணில் ஒரு பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது, அவள் எதைச் சொல்லவேண்டும் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

"சரியாத்தான் நடக்கறீங்க."

"நானும் அதான் நெனச்சேன்" என்றார் அவர், கொஞ்சம் அவசரமாகவே.

ஒத்துப்போய்விட்டது, யாருக்கும் வெட்டு இல்லை என்று மனம் பழக்கதோஷத்தில் சொல்லியது, சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது… அவர் தன் நடையைப் பற்றியா கேட்டார், என் முகத்தைப் பார்த்துத்தானே கேட்டார், நான் எதைச் சொல்வேன் என்று அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றாரா? பஸ் வந்தது. இடது பக்கக் கம்பியை அவர் வலது கையைக் குறுக்கே நீட்டிப் பிடித்து ஏறினார், சிரமமே இல்லாமல், நன்றாகப் பழகிய மாதிரி. எத்தனை நாளாக அப்படி ஏறுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.