குன்றின் மேல் பச்சைக் கோடு

வட துருவக் கடல் உறைவதற்கு முன்பு வந்த கடைசிக் கப்பலில், கூட்டுறவுக் கடைக்கு ஒரு பெட்டி நிறையப் பச்சை லேசர் வந்து இறங்கியது. பேனா அளவுதான் இருக்கும். எதற்காக வரவழைத்தோம் என்று கடைக்காரனுக்கே தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டது. பனியில் ஒரு பச்சைப் புள்ளியை ஓடவிட்டால், வண்டி இழுக்கும் பெரிய நாய்கள்கூட மானம் மரியாதையை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடின. ஒரே வாரத்தில் வீட்டுக்கு ஒன்று வாங்கிவிட்டார்கள்.

இவாலு இரண்டு வாங்கினாள். ஒன்று தனக்கு, ஒன்று தன் மகன் குப்லுவுக்கு.

மகனுக்கு வயது ஐம்பத்தாறு, தாய்க்கு முப்பத்திரண்டு. இதில் குழம்ப ஒன்றுமில்லை. குப்லுவின் தாய் இறந்த வாரத்தில் பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இறந்தவளின் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதானே? தொட்டிலில் கிடந்தவளை அன்றைக்கே குப்லு "அம்மா" என்று கூப்பிட்டான், இன்றுவரை மாற்றவில்லை. வேட்டையில் சீல் என்ற கடல்நாயை அடித்தால் முதல் துண்டு அம்மாவுக்கு. தப்பு செய்தால் திட்டு வாங்குவதும் அம்மாவிடம்தான்.

"வழி தவறுனா இத வானத்தப் பாத்து அடிடா. யாராவது பாப்பாங்க," என்று சொல்லித்தான் இவாலு லேசரைக் கொடுத்திருந்தாள்.

குப்லு அதை வாங்கி, சூடில்லாத வாசல் அறையில் துப்பாக்கியோடு தொங்கவிட்டான். வேட்டைக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்? குளிரில் கிடந்த இரும்பை வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுபோனால் அது வியர்க்கும். திரும்ப வெளியே எடுத்தால் அந்த வியர்வை உறைந்து விசை இறுகிப்போகும். அதனால் துப்பாக்கி எப்போதும் வெளியேதான் தூங்கும். லேசரும் கூடவே தூங்கியது. நாலு நாள் கழித்து அழுத்திப் பார்த்தான். பொட்டு வெளிச்சம் இல்லை.

"அம்மா, நீ வாங்கிக் குடுத்தது செத்துப்போச்சு," என்று சிரித்துவிட்டு, அதை அந்த ஆணியிலேயே திரும்ப மாட்டினான்.

இன்று காலை அவன் பனி வண்டியில் உறைந்த கடல்மேல் சீல் வேட்டைக்குக் கிளம்பியபோதும் அது ஆணியில்தான் தொங்கியது.

சூரியன் எட்டிப் பார்க்காத மாதம் அது. மத்தியானத்தில் தெற்கே கொஞ்சம் சிவந்துவிட்டு அதுவும் போய்விடும். சில நாள் வானத்தில் துருவ ஒளி பச்சையாக ஆடும், ஆவிகள் பந்தாடுகின்றன என்பார்கள். குப்லுவுக்கு இருட்டு பழக்கம். பனி முகடுகள் காற்று வீசும் திசையைக் காட்டும், ஊர் விளக்குகளின் வெளிச்சம் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் இன்று காற்று திசை மாறி வீசி, பழைய முகடுகளை மூடிவிட்டது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதே மத்தியானம் ஊர் மின்சார நிலையத்தின் எஞ்சினும் படுத்துக்கொண்டது. ஊர் மொத்தமும் இருட்டு.

குப்லு திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ரேடியோவில் பதில் இல்லை. இவாலு அவன் வீட்டு வாசலில் போய்ப் பார்த்தாள். ஆணியில் லேசர் தொங்கியது.

ஊருக்குக் கிழக்கே நீரோட்டம் வேகமாக ஓடும் இடத்தில் கடல் உறைவதே இல்லை. ஊர் இருக்கும் இடம் தெரியாமல் தாண்டிப் போனால், வண்டியோடு அந்தக் கறுப்புத் தண்ணீரில்தான் போய் விழ வேண்டும்.

தேடும் குழுவின் தலைவன் மொசேசி ஊர்க் குன்றின் மேல் பனி வண்டிகளை வரிசையாக நிறுத்தி முன்விளக்குகளைப் போட்டிருந்தான். இவாலு மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"தேடப் போனவங்க என்ன ஆனாங்க?"

"பாதியிலயே திரும்பிட்டாங்க. தரையோட பனி பறக்குது. பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல."

"இந்த விளக்கு மட்டும் அவனுக்குத் தெரியுமா?"

முன்விளக்குகளின் வெளிச்சத்தைப் பறக்கும் பனி அங்கேயே விழுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் மேலே பனிப் புயல் இல்லை. மெல்லிய பனித்துகள்கள்தான் காற்றில் மிதந்து நட்சத்திரங்களை மங்கலாக்கியிருந்தன.

இவாலு உள்சட்டைக்குள் கைவிட்டுத் தன் லேசரை எடுத்தாள். உடம்புச் சூட்டில் இருந்தது. நேராக மேலே பிடித்து அழுத்தினாள்.

பச்சைக் கோடு ஒன்று குன்றிலிருந்து வானம்வரை நின்றது. நட்சத்திரத்தை மறைத்த அதே துகள்கள்தான் அதை ஒளிரவைத்தன.

"அடி சக்கை!" என்றான் மொசேசி.

அவன் வாய் மூடுவதற்குள் கோடு வெளிறி, மெலிந்து, காணாமல் போனது. குளிர் பேட்டரியைத் தின்றுவிட்டது.

"வேற லேசர் கொண்டாங்க," என்று கத்தினாள் இவாலு. "எல்லார் வீட்டுலயும் இருக்குல்ல? நாய்க்கு விளையாட்டுக் காட்டுனது போதும்!"

கொண்டுவந்தார்கள். பாதி கல்லாக உறைந்திருந்தன. ஆண்கள் ஆளுக்கு ஒன்றை அக்குளில் வைத்துச் சூடாக்கினார்கள். முதலில் மொசேசி தன்னுடையதை நீட்டினான். குன்றேறி வந்த வியர்வை லேசரின் கண்ணாடியில் படிந்து, வெளிக்காற்று பட்டதும் உறைந்துவிட்டது. கோட்டுக்குப் பதிலாக ஒரு பச்சைக் கஞ்சி வந்தது.

"உன் அக்குள்ல வச்சா வேற எப்படி வரும்?" என்றாள் எலிசாப்பி. முதுகில் பிள்ளையைச் சுமக்கும் பையோடு தைத்த கோட்டை, அமவுத்தியை, அவள் போட்டிருந்தாள். பையில் அவளுடைய எட்டு மாதப் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. "இங்க குடு. ஊர்லயே சூடான இடம் என் முதுகுதான். காலுறையில சுத்திக் குடு, ஈரம் படாது. முடிச்சையும் இறுக்கிப் போடு. இவன் எத எடுத்தாலும் வாயில வைப்பான்."

கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரையும் குன்றுக்கு அழைத்து வந்தார்கள். அமவுத்திப் பைகளில் பிள்ளைகளோடு காலுறைகளும் போயின. சூடான லேசர் ஒன்று இவாலுவின் கைக்கு வரும், செத்தது பைக்குள் போகும். பொத்தான் அவ்வளவு சிறியது. கையுறையோடு அழுத்த முடியாது. வெறும் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் நுனி வெளுத்தது.

ஆனாலும் இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது. ஒன்று சாகும், அடுத்ததன் முடிச்சு அவிழாது. அவிழ்த்தால் மொசேசி கைதவறிப் பனியில் போடுவான். தேடி எடுப்பதற்குள் வானம் கறுத்துக் கிடக்கும்.

"கையா அது, துடுப்பா? அங்க ஒருத்தன் உயிர் தொங்குதுடா!" என்று இவாலு கத்தினாள்.

"விறைச்சுப்போச்சு அக்கா. வேணும்னேவா போடுறேன்?"

கோடு அணையும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு உயிர் போய் வந்தது. இந்த நேரத்தில்தான் அவன் அண்ணாந்து பார்த்திருப்பான், இந்த நேரத்தில்தான் கிழக்கே திரும்பியிருப்பான் என்று தோன்றியது. கொஞ்சம் நல்ல பொருளாக வாங்கியிருக்கலாமே, விடாமல் எரிகிற ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கை நடுங்கியது. கோடும் வானத்தில் சாய்ந்து நடுங்கியது. "கொஞ்சம் நேரம் நான் பிடிக்கிறேன்," என்று எலிசாப்பி இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ. முதலில் நாய்கள்தான் தலையைத் தூக்கின. பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. பறக்கும் பனிக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு விளக்கு வந்து, குன்றின் அடிவாரத்தில் நின்றது. குப்லு இறங்கினான். மீசை, புருவம் எல்லாம் உறைந்து வெள்ளையாக இருந்தன.

இவாலு சறுக்கிக்கொண்டே கீழே இறங்கிப் போய் அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

"எருமை! லேசர ஆணியில மாட்டிட்டுப் போவியா?"

"அடிக்காத அம்மா. வலிக்குது."

யாரோ தேநீர்க் குடுவையை நீட்டினார்கள். இரண்டு மிடறு குடித்துவிட்டு அவன் சொன்னான்.

"உங்க வெளிச்சத்த மொதல்லயே பாத்துட்டேன். ஆனா நம்ம வானத்துல பச்சைக்கு என்ன பஞ்சம்? ஆவிங்க பந்தாடுது, நமக்கெதுக்கு வம்புன்னு முதுகக் காட்டிட்டு வண்டிய விட்டேன்."

"எந்தப் பக்கம்?" என்று மொசேசி கேட்டான்.

"இப்ப யோசிச்சா, நீரோட்டத்துப் பக்கந்தான்."



"அப்புறம் என்னடா?" என்றாள் இவாலு.

"திரும்பிப் பாத்தா, பட்டுனு அணைஞ்சுது. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் கோணலா வந்து, தடுமாறி நிமிந்துச்சு. மறுபடி அணைஞ்சுது. ஆவிங்க இப்படித் திணறுமா? யாரோ கை விறைச்சுப்போய் நிக்கிறாங்க, மாத்தி மாத்திப் பிடிக்கிறாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. மனுசங்க இருக்கிற பக்கமா வண்டியத் திருப்பினேன். விடாம எரிஞ்சிருந்தா நான் திரும்பியே இருக்க மாட்டேன் அம்மா."

"நான் கீழ போட்டேனே, அதத்தான் இவரு பாத்திருக்காரு!" என்று மொசேசி குதித்தான்.

"போடா, என் முடிச்சு அவிழலையே, அது!" என்றாள் எலிசாப்பி. யார் சொதப்பியதால் குப்லு பிழைத்தான் என்று குன்றடியில் பெரிய வழக்கே நடந்தது.

இவாலு அதில் கலந்துகொள்ளவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஒவ்வொரு தடவ அணையும்போதும் நீ போயிட்டேன்னு நெனச்சேன்டா," என்றாள்.

குப்லு குனிந்து அவளுடைய வெளுத்த கட்டைவிரலைப் பார்த்தான். கோட்டையும் சட்டையையும் தூக்கி, அவள் கை இரண்டையும் தன் வெறும் வயிற்றில் வைத்தான். "ஐயோ அம்மா!" என்று ஊருக்கே கேட்கும்படி அலறினான். ஆனால் அந்தக் கைகளை விடவில்லை.