மத்திமத்துக்கு ஒரு ஆள்

பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. மழையும் விடுகிற மாதிரி இல்லை. மாற்று வண்டி வர சாயங்காலம் ஆறு மணியாகும் என்று கண்டக்டர் சொன்னதும் ஆளாளுக்குப் போனை எடுத்து வீட்டுக்குத் தகவல் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான ஆர்மோனியம் ரிப்பேர்க்காரருக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. ஏன் தாமதம் என்று கேட்க அவருக்கு யாரும் கிடையாது. ஊர் ஊராகப் போய்த் துருத்தி ஒட்டி, ரீடு மாற்றி, லாட்ஜில் தூங்கி எழுகிற மனுஷர். தனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொல்லிக்கொள்வார். சுத்தப் பொய்.

சாலையோரம் ஒரு பெரிய சலவைக்கூடம் இருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வையும் ஹோட்டல் விரிப்பும் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகிற இடம். வாசலில் ஒதுங்கியவரை, அங்கே கிழிசல் தைக்கிற தையல்காரம்மா பார்த்துவிட்டார்.

"என்னங்க, கோழி மாதிரி நனைஞ்சுட்டு நிக்கிறீங்க? உள்ள வாங்க. பெட்டியில என்ன, புதையலா? இறக்கி வைங்க முதல்ல."

ஈரச் சட்டையை வாங்கிப் போன இஸ்திரிக்காரர் பத்தே நிமிஷத்தில் சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவர் அப்படித்தான். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்" என்றார் தையல்காரம்மா. "நாங்க மத்திமம் அண்ணன்னு கூப்பிடுவோம்."

ஏன் அந்தப் பெயர் என்று கேட்பதற்குள் உள்ளேயிருந்து யாரோ கத்த, அம்மா ஓடிவிட்டார்.

மதியம் சாப்பாட்டு அறையில் ஆளுக்கு ஒரு கை எடுத்துவைத்து அவருக்கு ஒரு தட்டை நிரப்பினார்கள். நெஞ்சு நிறைந்துவிட்டது மனுஷருக்கு. முன்பின் தெரியாதவனுக்கு இப்படிச் செய்வார்களா? எல்லோரும் மெஷினுக்குத் திரும்பிய பிறகு மூலையில் பார்த்தால், வெள்ளை விரிப்பு போர்த்திய ஓர் ஆர்மோனியம்! சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் கூடி அரைமணி நேரம் பாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம்.

விரல் சும்மா இருக்குமா? ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். நடுவில் ஒன்று ஊமை. ஒலி எழுப்புகிற பித்தளை நாக்கு, அந்த ரீடு, முறிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

"தின்ன சோற்றுக்கு ஒரு கைம்மாறு" என்று தன் பெட்டியைத் திறந்தார். பொருத்தமான ரீடு இருந்தது. அரத்தால் நூலளவு நூலளவாகச் சுரண்டிச் சுதி சேர்த்து, மூடி, விரிப்பைப் பழையபடி போர்த்தினார். சொல்லாமல் செய்து அசத்த வேண்டும் என்று ஆசை, வேறென்ன!

ஐந்து மணிக்கு இருபது பேர் கூடினார்கள். தையல்காரம்மா ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார். மத்திமம் அண்ணன் சுவரோரம் தன் இடத்தில் நின்றார். பாட்டு தொடங்கியது. முதல் வரியின் முடிவில் மத்திமம், அதாவது 'ம' என்கிற சுரம். பழக்கத்தில் அம்மாவின் விரல் ஊமையாய்க் கிடந்த அந்தக் கட்டையையும் அழுத்தியது. கணீரென்று ஒலித்தது. பாடத் திறந்த மத்திமம் அண்ணனின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. பாட்டு நின்றுவிட்டது.

"நான்தான்மா சரி பண்ணேன்" என்று ரிப்பேர்க்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பதிலுக்கு யாரும் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கு. சுத்தமா இருக்கு" என்றார் மத்திமம் அண்ணன். குடையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி வந்து சேர்ந்தாருங்க. யார்கிட்டயும் ஒட்டலை. இந்தக் கட்டை செத்த அன்னைக்கு, பாட்டுல அது வரவேண்டிய இடத்துல, வாசல்ல நின்னு அந்த ஒரு சுரத்தை மட்டும் பாடினார். அன்னைக்குத்தான் உள்ள வந்தார். அவருக்குன்னு இங்க இருக்கிறது அது ஒண்ணுதான்."

ரிப்பேர்க்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. உபகாரம் செய்யப்போய் ஒரு மனுஷரின் இடத்தையே பிடுங்கிவிட்டோமே! "ரெண்டு நிமிஷம்மா, கழட்டிடறேன்" என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

"அதெல்லாம் வேணாம். விரல் என்னுதுதானே?"

அம்மா மறுபடி ஆரம்பித்தார். இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். மத்திமம் வரும் இடத்தில் அம்மாவின் விரல் கட்டையைத் தொடாமல் அப்படியே நின்றது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. வாசற்படியில் மத்திமம் அண்ணன், முதுகைக் காட்டியபடி, பாதி விரித்த குடையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமானாலும் சரி, அந்த இடத்தைத் தாண்டுவதில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

வாசலிலிருந்து அந்தச் சுரம் வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் இம்மி பிசகாமல்.

பாட்டு மேலே போனது. அடுத்த சுற்றில் குடை மடங்கியது. அதற்கடுத்த சுற்றில் அவர் சுவரோரம் இருந்தார். ரிப்பேர்க்காரர் அரம் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுக்கு முகமெல்லாம் அப்பியது.

மாற்று வண்டி வந்ததும் குடை பிடித்துப் பஸ் வரை கொண்டுவிட்டவர் மத்திமம் அண்ணன்தான்.

"என்னை மன்னிச்சுடுங்கண்ணே" என்றார் ரிப்பேர்க்காரர்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "எனக்குப் பக்கத்துக் கட்டை லேசா சுதி பிசகி இழுக்குது. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேண்ணே. அடுத்த தடவை வரும்போது சரி பண்ணிடறேன்."

"பண்ணாதீங்க. அந்தச் சுரம் பாடுற இடம் உங்களுக்கு." பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்க. இல்லேன்னா தையல்காரம்மா என்னைத்தான் திட்டும்."

ரிப்பேர்க்காரர் கண்டக்டரிடம் பேனா வாங்கி, மத்திமம் அண்ணன் சொன்ன நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.